உடன்பிறந்தவளின் ஐயம்

ஸ்பானிய மொழியில் 2010-இல் வந்த ‘ஜூலியாவின் கண்கள்’ படத்தின் இந்தி மறுஆக்கம், அஜய் பஹ்லின் ‘பிளர்’ (2022). பார்வையிழந்த கௌதமி தூக்கில் தொங்கிய நிலையில் இறந்து கிடக்கிறாள். காவல்துறைக்கு அது தற்கொலை. இரட்டைச் சகோதரி காயத்ரிக்கோ கொலை. அவளுடைய பார்வையும் அதே நோயால் மங்கி வருவதால், அவள் சொல்வது மனப்பிரமையெனத் தள்ளப்படுகிறது.

இதை வெறும் திகில் கதையாக வாசித்தல் போதாது. உடன்பிறந்தவளின் அன்பில் பிறக்கும் ஐயத்துக்குச் சட்டத்தில் இடமுண்டா என்பதே இப்படம் எழுப்பும் வினா.

திருமணமாகி ஏழாண்டுகளுக்குள் இறந்த பெண்ணெனில், உறவினர் கோரினாலே உடலை மருத்துவ ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவும் அதையே தொடர்கிறது. வரதட்சணை மரணங்களை முன்னிட்டு எழுந்த தேவையான பாதுகாப்பு அது. ஆயின் மணமாகாதவள், கைம்பெண், தனித்து வாழும் மாற்றுத்திறனாளி ஆகியோரின் மரணத்தில் ஐயுற வேண்டியவர் காவல் அதிகாரியே. உறவினரின் கோரிக்கைக்கு அத்தகைய கட்டாய வலிமை இல்லை.

உண்மையை நெருங்கக் காயத்ரியும் அதே இருளுக்குள் செல்ல நேர்கிறது. திரைக்கதைக்கு அது பொருந்தலாம், நீதிக்குப் பொருந்தாது. உறவினரின் கோரிக்கைக்குரிய மதிப்பை மணவாழ்வின் ஆண்டுக்கணக்கு தீர்மானிக்கலாகாது.