வலையைக் கண்டதும் மருந்து எதற்கு?

ஃபுளோரிடாவிலும் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய பிற அமெரிக்க மாநிலங்களிலும் கோடை முடியும் தறுவாயில் சில ஓக் மரங்களின் அடிமரமும் கிளைகளும் வெண்பட்டு சுற்றியதுபோல் மாறிவிடுகின்றன. நெய்வது ஆர்க்கிப்சோகஸ் நோமாஸ் என்னும் பட்டைப்பேன். சில மில்லிமீட்டரைத் தாண்டாத இப்பூச்சிக்கு 1939இல் கர்னி என்ற பூச்சியியலாளர் அறிவியல் பெயரிட்டார். வலையைப் பார்த்ததும் வீட்டுக்காரர்கள் பூச்சிமருந்தைத் தேடுகிறார்கள். அது வீண்செலவு மட்டுமல்ல, தவறும்கூட. இலையைத் தின்னும் வலைப்புழு கிளை நுனியில் இலைகளையே மூடிக் கூடு கட்டும். பட்டைப்பேனின் வலையோ பட்டையோடு ஒட்டிக் கிடக்கும், இலைக்குப் போகாது. அதனடியில் கூட்டமாக வாழும் பூச்சிகள் பட்டைமேல் படிந்த பூஞ்சை, பாசி, மட்கிய துணுக்குகளைத்தான் மேய்கின்றன. சாறு உறிஞ்சும் வாய் அவற்றுக்கு இல்லை, உயிருள்ள மரத்தை அவை துளைப்பதும் இல்லை. பட்டுக்கூரை எதிரிகளிடமிருந்தும் வெயில் மழையிலிருந்தும் அவற்றைக் காக்கிறது. சில வாரங்களில் காற்றிலும் மழையிலும் தானே கிழிந்து போகிறது.

பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் வலை போய்விடும். மருந்து அடித்தால் அந்த மரத்திலேயே இருக்கும் சிலந்தியும் பொறிவண்டும் சேர்ந்து சாகும். அவை செத்தால், உண்மையாகவே மரத்தைக் கெடுக்கும் பூச்சிகளுக்குத்தான் கொண்டாட்டம். தீங்கில்லாத பூச்சியை விட்டுவிட்டால் போதாதா, அதை ஆராய வேறு வேண்டுமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நம் தலையில் ஊரும் பேனும் கோழிப்பேனும் பட்டைப்பேன் வம்சத்திலிருந்து கிளைத்தவை என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழைய புத்தகங்களில் ஓடும் புத்தகப்பேன் அவற்றின் மிக நெருங்கிய உறவு. பூஞ்சை மேய்ந்த குலம் எப்படி இரத்தம் குடிக்கப் பழகியது என்று அறிய, இன்னும் மேய்ந்துகொண்டிருக்கும் உறவினர்களைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் 1993இல் வட அமெரிக்கப் பட்டைப்பேன் நூலை வெளியிட்ட எட்வர்ட் மாக்ஃபோர்டைப் போல் இவற்றுக்கென உழைத்தவர்கள் மிகக் குறைவு. பயிரைக் கெடுக்கும் பூச்சிக்கே ஆய்வுப் பணம் முதலில் போகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்காகத் தீங்கற்றதை அறியாமலேயே கொல்வது நியாயமாகிவிடாது. மரத்தில் வலை தெரிந்தால் இலை கடிபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடிபடவில்லை என்றால் மருந்துப் புட்டியை எடுக்காதீர்கள்.