ஆன்லைன் கடை: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த பகுதிகளில் இப்போது புதுமாதிரி வியாபாரம் ஒன்று நடக்கிறது. ஸ்ரீராமபுரம், அல்சூர், லிங்கராஜபுரம் சந்துகளில் கடையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. கட்டிலுக்கு அடியில் சேலை மூட்டை இருக்கிறது. கணவர் வேலைக்குப் போன பிறகு மனைவி சேலையை விரித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். மாலையில் கூரியர் பையன் வாசலில் வந்து நிற்கிறான்.

சரக்கு பெரும்பாலும் ஊர்ப்பக்கத்தில் இருந்து வருகிறது. ஈரோட்டில் திங்கட்கிழமை இரவு தொடங்கும் ஜவுளிச் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. சேலம் பக்கம் இளம்பிள்ளைக்குப் போய் தறிக்காரர்களிடமே வாங்கி வருகிறவர்களும் உண்டு. சீட்டு எடுத்த பணம், நகையை அடகு வைத்த பணம், ஏன், பி.எப். முன்பணம்கூட இதில் இறங்குகிறது. ஆகவே, "இதில் லாபம் வருமா?" என்பது பொழுதுபோக்குக்குக் கேட்கும் கேள்வி அல்ல.

லாபம் வரும். ஆனால் பலர் நினைக்கிற இடத்தில் இருந்து வராது.

யானையும் குதிரையும்

ஆன்லைன் வியாபாரம் என்றதும் பிளிப்கார்ட் கதையைச் சொல்லாதவர் இல்லை. அது பெங்களூர் கதைதான். 2007-ம் ஆண்டில் சச்சின் பன்சால், பின்னி பன்சால் என்ற இரண்டு இளைஞர்கள் கோரமங்களாவில் புத்தகம் விற்கத் தொடங்கினார்கள். 2018-ம் ஆண்டில் அமெரிக்காவின் வால்மார்ட் கம்பெனி 1,600 கோடி டாலர் கொடுத்து அதன் பெரும்பங்கை வாங்கியது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பிளிப்கார்ட் நஷ்டத்தில் ஓடியது என்பதையும், அந்த நஷ்டத்தை முதலீட்டாளர்களின் பணம் தாங்கியது என்பதையும் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். யானை படுத்தாலும் குதிரை மட்டம். குதிரை படுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா?

ஒரு கணக்குப் பார்க்கலாம். 300 ரூபாய்க்கு வாங்கிய சேலையைப் பெரிய ஆன்லைன் கம்பெனி மூலம் 450 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இடையில் நிற்பது 150 ரூபாய். கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., கூரியர் கூலி, பிளாஸ்டிக் உறை எல்லாம் சேர்த்து 90 ரூபாய் போனால் மிச்சம் 60. பத்துச் சேலைக்கு 600 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும்.

பத்தில் இரண்டு திரும்பி வந்தால்? எட்டுச் சேலையின் லாபம் 480 ரூபாய். திரும்பி வந்த இரண்டுக்கும் போக வரக் கூலி தலைக்கு 150 என்றால் 300 போயிற்று. மிச்சம் 180. அந்த இரண்டில் ஒன்று மஞ்சள் கறையோடு வந்தால் அதன் விலை 300 ரூபாயும் போயிற்று. ஆகப் பத்துச் சேலை அனுப்பியதில் 120 ரூபாய் நஷ்டம். படம் எடுத்த நேரம், மடித்துக் கட்டிய உழைப்பு, அடகுக் கடை வட்டி இவை இந்தக் கணக்கிலேயே வரவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

"எங்களிடம் கமிஷனே கிடையாது" என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. கமிஷன் இல்லாவிட்டாலும் கூரியர் கூலி இருக்கிறது. படம் முன்வரிசையில் தெரிய வேண்டுமானால் விளம்பரக் காசு கட்ட வேண்டியிருக்கிறது.

ஓசூர் வெளிமாநிலம்

வரி விஷயத்தில் பலருக்குத் தெளிவு இல்லை. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு என்பது பொது விதி. ஆன்லைன் கம்பெனி மூலம் விற்பவர்களுக்கு முன்பு இந்தச் சலுகை இல்லை. 2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல், ஒரே மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகள் பதிவு இல்லாமல், அதற்கென ஒரு எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம் என்று ஆகியிருக்கிறது.

இதில் பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு சிக்கல். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். சட்டத்தின் கண்ணில் அது வெளிமாநிலம். பதிவு இல்லாதவர் அங்கே சேலை அனுப்பி விற்க முடியாது. சொந்தபந்தம் முழுவதும் தமிழ்நாட்டில் இருக்கிறது, அவர்களே வாங்குவார்கள் என்று நம்பி இறங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு செய்யப் போனாலோ, வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் ஆவணமும் வேண்டும். எத்தனை வீட்டுக்காரர்கள் தருவார்கள்?

2025-ம் ஆண்டு ஜூலையில் நடந்ததும் நினைவிருக்கும். யு.பி.ஐ. மூலம் வந்த பணத்தைக் கணக்கெடுத்துக் கர்நாடக வணிக வரித்துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் "ரொக்கம் மட்டும்" என்று அட்டை தொங்கியது. உறவினர் அனுப்பிய பணமும் கைமாற்றும்கூட விற்பனைக் கணக்கில் சேர்ந்துவிட்டதாகப் பலர் முறையிட்டார்கள். பிறகு, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, பதிவு செய்துகொள்ளுங்கள் என்று முதல்-மந்திரி சித்தராமையா அறிவித்தார். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

அப்படியானால் யாருக்கு லாபம்? சேலை விற்பதோடு, பால்ஸ் அடித்து, பிளவுசும் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு லாபம் இருக்கிறது. வாங்குகிறவர் பக்கத்துத் தெரு. கூரியர் செலவு இல்லை. நிறம் பிடிக்காவிட்டால் நேரில் வந்து மாற்றிக்கொள்வார். கறையோடு திரும்பி வராது. தையல் கூலி தனி வருமானம். பெரிய கம்பெனி எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அளவு எடுத்துப் பிளவுஸ் தைத்துத் தர அதனால் முடியாது. செல்போன் இங்கே கடை அல்ல, வாடிக்கையாளரைக் கூப்பிடும் மணி. இப்படி நடத்தினால் பெரும் பணக்காரர் ஆக முடியாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும்.

அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கு இன்னொரு விஷயம். 1966-ம் ஆண்டின் ரெயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 15-வது விதிப்படி, முன் அனுமதி இல்லாமல் ஊழியர் வியாபாரம் செய்யக் கூடாது. குடும்பத்தில் ஒருவர் வியாபாரம் செய்தால் அதை மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கும் இதே போன்ற விதி உண்டு. மனைவி பெயரில்தானே நடக்கிறது என்று சும்மா இருந்துவிட முடியாது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் சேலைப் படம் போட்டு ஆர்டர் பிடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

தீபாவளி சமயத்தில்தான் அதிகம் பேர் துணிந்து சரக்கு எடுக்கிறார்கள். விற்காமல் நின்ற சேலையைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று மொத்த வியாபாரியிடம் மூட்டை கட்டும் முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பண்டிகை முடிந்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.