அட்டை இருக்கிறது, கடை எங்கே?

அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும், வேளாண் துறைச் செயலருக்கும், மேற்கு வர்ஜீனியாவின் கவர்னருக்கும் சட்டமன்றத்துக்கும்,



1961 மே 29 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுன்ட்டியில் பதினைந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் 95 டாலருக்கு உணவு முத்திரைகள் வாங்கியது. அதைக் கொடுத்து அவர்கள் முதலில் வாங்கியது பன்றியிறைச்சி சேர்த்த பீன்ஸ் டின் ஒன்று. அதிபர் கென்னடி தொடங்கிய சோதனைத் திட்டத்தின் முதல் வியாபாரம் அது. இன்று சுமார் நான்கு கோடிப் பேர் சாப்பிட உதவும் ஸ்நாப் என்ற அரசு உணவு உதவி அட்டைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கவுன்ட்டியில் அட்டை வைத்திருப்பவர்களில் பலர், காய்கறி விற்கும் கடையைத் தேடி மலையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். இப்போது உங்கள் நாட்டில் வரி கட்டுகிறேன். இரண்டையும் பார்த்தவனுக்குத் தோன்றுவதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மெக்டவல் நிலக்கரி பூமி. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 98,887 பேர் இருந்தார்கள். 2020இல் 19,111 பேர். சுரங்கம் செழித்த காலத்தில் வீடும் கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. கூலியின் ஒரு பகுதி கம்பெனி டோக்கனாகக் கைக்கு வந்து, கம்பெனிக் கடையிலேயே திரும்பப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கொடுமையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் சுரங்கம் ஒவ்வொன்றாக மூடியபோது கடையும் சேர்ந்தே போயிற்று என்பதை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. ஆட்கள் குறையக் குறைய, தனியார் மளிகைக் கடைக்காரர்களும் கதவைச் சாத்தினார்கள்.

2005இல் கிம்பல் என்ற சிற்றூரில் வால்மார்ட் பெரிய கடை திறந்தது. 2016 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் 154 கடைகளை ஒரே அறிவிப்பில் மூடியபோது, கிம்பல் கடையும் அதில் ஒன்று. நூற்றுக்கு மேற்பட்டோருக்கு வேலை போயிற்று. அதே ஊரில் ஏழைகளுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் ஓர் உணவு வங்கி இருந்தது. விற்காமல் மிஞ்சும் இறைச்சியும் ரொட்டியும் காய்கறியும் அதற்கு அந்தக் கடையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இலவசமாகப் பெற்றவர்களுக்கும் ஒரே நாளில் வாசல் அடைந்தது. ஒரு கவுன்ட்டியின் சோற்றை ஒரே நிறுவனத்தின் லாபக் கணக்கில் கட்டிவைத்தால் இப்படித்தான் முடியும்.

உங்கள் வேளாண் துறை இதற்காக ஒரு வரைபடமே வைத்திருக்கிறது. வறிய பகுதியாக இருந்து, நகரத்தில் ஒரு மைலுக்குள், கிராமத்தில் பத்து மைலுக்குள் பெரிய மளிகைக் கடை இல்லாமல் கணிசமான பேர் வாழ்ந்தால், அதை உணவுப் பாலைவனமாகக் கணக்கிடுவது வழக்கம். பத்து மைல் என்றால் பதினாறு கிலோமீட்டர். அதுவும் நேர்கோட்டில், காக்கை பறக்கும் தூரம். மெக்டவலில் காக்கை பறப்பது போல எந்தச் சாலையும் போவதில்லை. மலையிடுக்குகளில் ஓடையை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கி, வளைந்து வளைந்து ஒரு மலையைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். வரைபடத்தில் எட்டு மைல் என்பது வண்டிச் சக்கரத்துக்குப் பதினைந்து ஆகலாம். கார் இல்லாத கிழவிக்கு அது பக்கத்து வீட்டுக்காரரின் தயவு, அவருக்குப் பெட்ரோல் காசு, அரை நாள் பொழுது. ஐஸ்கிரீமை விடுங்கள், பாலும் கோழியும் வெயில் நாளில் வீடு வந்து சேரும்போது என்ன கதியில் இருக்கும் என்பதை எந்த வரைபடமும் காட்டாது.

மலிவு விலை டாலர் கடைகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. டின், சிப்ஸ், நூடுல்ஸ், உறைய வைத்த பீட்சா, சோப்பு எல்லாம் கிடைக்கும். பல கடைகளில் ஒரு தக்காளி கிடைக்காது. ஆன்லைனில் அட்டையைப் பயன்படுத்தலாமே என்பீர்கள். பயன்படுத்தலாம், ஆனால் கொண்டு வந்து தரும் கூலியை ஸ்நாப் பணத்தில் கட்ட உங்கள் சட்டம் அனுமதிப்பதில்லை. அதற்கும் முன்னால், அந்த மலையிடுக்குக்கு வண்டி அனுப்ப யாராவது சம்மதிக்க வேண்டும்.

எனக்கு விளங்காத விஷயம் இது. ஏழையின் பணப்பையை நிரப்புவது அரசின் கடமை என்று 1961இலேயே ஒப்புக்கொண்டீர்கள். அந்தப் பை திறக்கும் இடம் மட்டும் சந்தையின் விருப்பம் என்று விட்டுவிட்டீர்கள். நான் வளர்ந்த மாநிலத்தில் இது தலைகீழ். அங்கே முதலில் கடை. 30,000க்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள், பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை, பணக்காரர் ஏழை என்று பார்க்காமல் அரிசி அட்டை உள்ள எவருக்கும் அரிசி. அந்தக் கடைகளைப் புகழ வரவில்லை. எடை குறையும், சரக்கு வரவில்லை என்பார்கள், கைரேகை பதியாமல் திருப்பி அனுப்புவார்கள், மலைக் கிராமங்களில் மூட்டையைத் தலையில் சுமந்து ஏறுபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் கடை லாபம் பார்க்கவில்லை என்பதற்காக ஊரை விட்டுப் போய்விடும் என்று யாரும் பயந்ததில்லை.

அரசு மளிகைக் கடை நடத்துவதா, இது சோஷலிசம் அல்லவா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஐயா, நீங்கள் நடத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ராணுவத்தினருக்காக உலகம் முழுதும் 200க்கும் மேற்பட்ட பல்பொருள் அங்காடிகளை உங்கள் பாதுகாப்புத் துறை நடத்துகிறது. அதற்கு ஆண்டுதோறும் ஒரு பில்லியன் டாலருக்கும் மேல் நீங்களே ஒதுக்குகிறீர்கள். பில்லில் 5 சதவீதம் கூடுதல் கட்டணம் போட்டு விற்கிறார்கள். படைவீரரின் குடும்பத்துக்கு நியாயமான விலையில் தக்காளி வேண்டும் என்று தோன்றிய உங்களுக்கு, சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்தவரின் குடும்பத்துக்கும் அப்படியே தோன்றியிருக்கலாம். பக்கத்து வர்ஜீனியா மாநிலத்தில் மதுக்கடைகளை மாநில அரசே நடத்துகிறது. தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். எங்கள் அரசுக்கும் அந்த வியாபாரத்தில் நல்ல கைப்பழக்கம் உண்டு. பாட்டிலை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கத் தெரிந்த அரசுக்கு முட்டைக்கோஸைக் கொண்டு சேர்ப்பது நடக்காத காரியம் அல்ல.

உங்கள் ஆலோசகர்கள் 2019இல் வந்த ஓர் ஆய்வை எடுத்து நீட்டுவார்கள். ஏழைகளும் வசதியானவர்களும் சாப்பிடும் உணவின் தரத்தில் இருக்கும் வித்தியாசத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கடை, விலை போன்ற காரணங்களால் வருகிறது என்றும், புதுக் கடை திறந்தாலும் வீட்டுச் சமையல் பெரிதாக மாறுவதில்லை என்றும் அது சொன்னது. நல்ல ஆய்வு, அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் புதுக் கடை ஏன் பெரிய மாற்றம் தரவில்லை? மக்கள் ஏற்கெனவே தூரத்துக் கடைக்குக் காரில் போய் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதே அதற்குக் கிடைத்த முக்கியமான பதில். அந்தப் பயணத்துக்கு ஆன செலவும் பொழுதும் கூடையில் இருந்த சரக்கின் கணக்கில் வராது. கார் இல்லாதவரின் நிலை சராசரிக்குள் மறைந்துபோகும். பக்கத்தில் கடை வேண்டும் என்று கேட்பவர் கீரை சாப்பிட்டுத் திருந்துவதற்காகத்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை.

கடை திறந்தால் மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஃப்ளோரிடாவில் பால்டுவின் என்ற சிறு ஊரில், இருந்த ஒரே மளிகைக் கடை மூடிய பிறகு 2019இல் ஊராட்சியே கடை திறந்தது, 2024இல் மூடிவிட்டது. ஒற்றைக் கடைக்கு மொத்த வியாபாரி தரும் விலை வேறு, ஆயிரம் கடை வைத்திருப்பவருக்குத் தரும் விலை வேறு. சில நேரம் சிறு கடைக்காரர் வாங்கும் விலையே பெரிய கடை விற்கும் விலையை விட அதிகம். இதைத் தடுக்க ராபின்சன்-பாட்மன் சட்டம் என்று ஒன்று 1936 முதல் உங்களிடம் இருக்கிறது. 1980களுக்குப் பிறகு அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். பெப்சி மீது 2025 ஜனவரியில் அந்தச் சட்டப்படி ஒரு வழக்கு போட்டு, மே மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். அதே 1936இல்தான் கிராம மின்மயச் சட்டமும் வந்தது. பத்துப் பண்ணைகளில் ஒன்றில்தான் அப்போது மின்சாரம் இருந்தது. கம்பி இழுத்தால் லாபமில்லை என்று கம்பெனிகள் சொன்னதை அன்றைய காங்கிரஸ் முடிந்த முடிவாக ஏற்கவில்லை. கூட்டுறவுகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்துக் கம்பி இழுக்க வைத்தது.

நீங்களோ 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால் பையின் வாயையும் சுருக்கியிருக்கிறீர்கள். இனி விலக்குப் பெறாதவர்கள் 64 வயது வரை, மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும். மேற்கு வர்ஜீனியாவே 2016இல் ஒன்பது கவுன்ட்டிகளில் இந்த வேலைக் கட்டுப்பாட்டைச் சோதித்துப் பார்த்தது. வேலை செய்பவர்கள் எண்ணிக்கையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை என்று மாநிலத் துறையே எழுதிவைத்தது. வேலை இல்லாத கவுன்ட்டியில் வேலைக்கான சான்று கேட்பதில் என்ன பொருள்? இன்னொன்றும் உண்டு. ஸ்நாப் பணம் ஏழையோடு நிற்பதில்லை, கடைக்காரரின் கல்லாவுக்குப் போகிறது. மெக்டவல் போன்ற இடத்தில் அதைக் குறைத்தால், மிச்சமிருக்கும் ஓரிரு கடைகளும் ஆட்டம் காணும்.

2026 ஜனவரி முதல் மேற்கு வர்ஜீனியாவில் அட்டைக்கு சோடா கிடையாது. சர்க்கரைத் தண்ணீருக்காக வாதாட எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கவுன்ட்டியில் சுரங்கக் கம்பெனிகள் விட்டுப்போன பழைய குழாய்களில் வரும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் கொதிக்க வைத்தே குடிக்கச் சொன்ன ஊர்கள் உண்டு. மலையோர ஊற்றில் கேன் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. தடை போடும் முன் குழாயைத் திறந்து பார்த்திருக்கலாம்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தூரத்தைச் சாலை வழியாக, கார் இல்லாதவரின் கணக்கில் அளந்து பாருங்கள். ராணுவ அங்காடிகளின் கொள்முதல் விலையில், மெக்டவல் போன்ற கவுன்ட்டிகளின் கூட்டுறவுக் கடைகளும் சிறு கடைக்காரர்களும் சரக்கு எடுக்க வழி செய்யுங்கள். முதலில் ஒரு கவுன்ட்டியில் பார்த்து, மற்றதைப் பிறகு முடிவு செய்யலாம். 1936ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுங்கள். ஸ்நாப் பணத்தில் கொண்டுவரும் கூலியைக் கட்டலாம் என்று ஒரு வரி சேருங்கள். மாநிலங்கள் ஸ்நாப் உதவித்தொகையிலும் பங்கு கட்ட வேண்டிய காலம் 2027 அக்டோபரில் தொடங்குகிறது; அந்தச் சுமை மெக்டவலின் அட்டைகள் மேல் விழாமல் இருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மேற்கு வர்ஜீனியா சட்டமன்றம் அதற்கு முன்பே எழுத்தில் சொல்லட்டும்.

பதில் எனக்கு வேண்டாம். கவுன்ட்டியின் தலைநகர் வெல்ச். அங்கே கவுன்ட்டி கமிஷன் இருக்கிறது, அதற்கு அனுப்புங்கள். தபால் வண்டி இன்னும் அங்கே போகிறது.