சாவி யாருடையது?

சாகணில் சரக்கேற்றி நிற்கும் ஒரு லாரியின் சாவி தொலைந்தால், புதிய சாவியை வெட்டித் தருவது சாலையோரச் சாவிக்காரருக்கு எளிது. ஆனால் இம்மொபிலைசர் பொருத்திய வண்டியாயின், சாவிக்குள் உள்ள சிப்பை எஞ்சின் கணினி ஏற்காதவரை அது கிளம்பாது. சிப்பைப் பதியும் மென்பொருளும் குறியீடும் பெரும்பாலும் டீலரின் பிடியில். காரணம் கேட்டால் ‘திருட்டுத் தடுப்பு’ என்பர்.

மறைத்துவைப்பதே பாதுகாப்பு என்னும் இவ்வாதம் ஆய்வுலகிற்குப் பழக்கமானதே. சாகணில் ஆலை நடத்தும் ஃபோக்ஸ்வாகனின் கார்கள் சிலவற்றில் இருந்த மெகாமோஸ் கிரிப்டோ சிப்பின் பலவீனத்தை ஆய்வாளர் மூவர் கண்டறிந்தனர். 2013இல் அந்நிறுவனம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றது. கட்டுரை 2015இல்தான் வெளிவந்தது. தடையாணை கட்டுரையை நிறுத்தியதேயன்றி, சாலையில் ஓடிய ஒரு சிப்பையும் வலுப்படுத்தவில்லை.

உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு மறுத்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது கார் வழக்கு. வாடகையை நம்பி வாழும் லாரி உரிமையாளரின் குரல் அங்கு எழவில்லை. அமெரிக்காவில் பின்னணி சரிபார்க்கப்பட்டுப் பதிவுபெற்ற சாவிக்காரர்கள், உரிமையாளரின் அடையாளத்தைச் சோதித்தபின் குறியீட்டைப் பெறுகின்றனர். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டும் லாரி உரிமையாளருக்கு இங்கு அது ஏன் மறுக்கப்படுகிறது என்பதற்கு நிறுவனங்கள் விடையளிக்கட்டும்.