சுவருக்குள் ஒழுகும் தண்ணீர்

கேள்வி: குழாயில் கசிவு இருந்தால் செல்போனுக்குத் தகவல் தரும், பேட்டரி இல்லாத கருவி வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, கிராமத்து வீட்டுக்கு அது உதவுமா? – வாசகர், தோவாளை

பதில்: கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இத்தகைய கருவியை உருவாக்கியுள்ளனர். அதிலுள்ள நானோ பொருட்களில் தண்ணீர் பட்டதும் சிறிது மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரத்திலேயே கருவி செய்தி அனுப்பும். பேட்டரி மாற்றும் வேலை இல்லை, வயரும் இழுக்க வேண்டாம்.

ஆனால், தண்ணீர் தொடும் இடத்தில் வைத்திருந்தால்தான் அது சொல்லும். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில், சுவரில் இறங்கும் மழைநீரைக்கூடக் கசிவு என்று காட்டிவிடலாம். எனவே அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

10 நிமிடத்தில் ஒரு லிட்டர் ஒழுகினால் நாளொன்றுக்கு 144 லிட்டர் வீண். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கணக்கிடுவதே 55 லிட்டர்தான். சுவருக்குள் ஒழுகினால் காரை உதிரும், கான்கிரீட் கம்பி துருப்பிடிக்கும்.

பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வராவிட்டால், வாய்க்காலோடு நடந்து மடை மடையாகப் பார்ப்பதில்லையா? வீட்டிலும் அதே முறைதான்.

1. இரவில் மேல்தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு.

2. மறுநாள் இரவு, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியிலோ வால்விலோ பழுது. இறங்காவிட்டால் கசிவு வீட்டுக் குழாயில். பிறகு சமையலறை, குளியலறை, மாட்டுத்தொழுவம் என ஒவ்வொரு வால்வாக மூடிச் சோதியுங்கள்.

3. கழிப்பறை பிளஷ் தொட்டியில் சில துளி சொட்டு நீலம் விடுங்கள். தண்ணீர் திறக்காமலே அரை மணி நேரத்தில் பீங்கானில் நீலம் தெரிந்தால், உள்ளேயுள்ள வாஷரை மாற்ற வேண்டும்.

சுவிட்ச் பெட்டி அருகே சுவர் ஈரமாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மெயின் பெட்டியே ஈரமாக இருந்தால் அதையும் தொடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். குழாய் வேலையை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.