விசா விலக்கு என்பது தடையற்ற அனுமதி அல்ல: வெளிநாடு செல்வோர் கவனிக்க வேண்டிய நுழைவு விதிகள்

புது தில்லி: சாதாரண இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஈரான் வழங்கியிருந்த விசா விலக்கு, 2025 நவம்பர் 22 முதல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 4-இல் நடைமுறைக்கு வந்த அச்சலுகை இரண்டு ஆண்டுகளைக்கூட நிறைவு செய்யவில்லை. வேலை வாங்கித் தருவதாகவும், ஈரான் வழியாக வேறு நாடுகளுக்கு அனுப்பி வைப்பதாகவும் ஆசை காட்டி இந்தியர்கள் அழைத்துச் செல்லப்பட்டதும், அவர்களில் பலர் அங்குச் சென்றிறங்கியதும் பணயத்தொகைக்காகக் கடத்தப்பட்டதும் அரசின் கவனத்துக்கு வந்துள்ளதாக வெளியுறவு அமைச்சகம் அப்போது தெரிவித்தது.

அந்த விலக்கு எவ்வகைப் பயணத்துக்கு வழங்கப்பட்டது என்பதைப் பார்த்தால் சிக்கலின் வேர் விளங்கும். சுற்றுலாவுக்கு மட்டும், விமானம் மூலம் மட்டும், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 15 நாட்கள் என்பதே ஈரான் விதித்த நிபந்தனை. வேலைக்கோ, மூன்றாவது நாட்டுக்குக் கடந்து செல்வதற்கோ அதில் இடமில்லை. முகவர்கள் இந்நிபந்தனைகளை மறைத்து, 'விசா தேவையில்லை' என்ற இரு சொற்களை மட்டுமே விற்றனர்.

சலுகைக்குள் இருக்கும் நிபந்தனைகள்

கடந்த சில ஆண்டுகளில் இந்தியப் பயணிகளை ஈர்க்கப் பல நாடுகள் விசா விதிகளைத் தளர்த்தியுள்ளன. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாட்கள் வரை விசா இன்றித் தங்க அனுமதித்தது. தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் அக்காலத்தை 60 நாட்களாக உயர்த்தியது. ஆயினும், இரு நாடுகளும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையவழி வருகைப் படிவத்தை நிரப்புமாறு கோருகின்றன. தாய்லாந்தில் இந்நடைமுறை 2025 மே 1-இல் தொடங்கியது. இப்படிவங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால், அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் இதற்கெனப் பணம் பறிப்பதுண்டு.

அண்டை நாடுகளிலும் விதிகள் ஒன்றுபோல் இல்லை. நேபாளம், பூடான் ஆகிய இரு நாடுகளுக்கும் இந்தியர்கள் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டையுடன் செல்லலாம். ஆயினும், பூடானில் நுழைவு அனுமதிச் சீட்டு பெற வேண்டும். நாளொன்றுக்கு 1,200 ரூபாய் நீடித்த வளர்ச்சிக் கட்டணமும் செலுத்த வேண்டும். விசா இல்லை என்பதற்குச் செலவில்லை, ஆவணமில்லை என்று பொருளல்ல.

முதல் சோதனை புறப்படும் இடத்தில்

விசா என்பது ஒரு நாட்டின் வாயிலுக்கு வந்து அனுமதி கோரும் உரிமை மட்டுமே. உள்ளே விடுவதா, எத்தனை நாட்கள் தங்க விடுவதா என்பதை அங்குள்ள குடியேற்ற அதிகாரியே முடிவு செய்கிறார். திரும்பி வரும் பயணச்சீட்டு, தங்குமிடத்துக்கான முன்பதிவு, செலவுக்கான பணம் ஆகியவற்றை அவர் கேட்கலாம். விசா பெற வேண்டிய நாடுகளில் இக்கேள்விகள் பெரும்பாலும் தூதரகத்திலேயே கேட்கப்பட்டுவிடுகின்றன. விசா விலக்கு உள்ள நாடுகளிலோ பயணி விமானத்திலிருந்து இறங்கிய பிறகே முதன்முறையாகக் கேட்கப்படுகின்றன. சலுகை கேள்விகளை நீக்கவில்லை. அவற்றைக் கேட்கும் இடத்தையே மாற்றியுள்ளது.

அதற்கும் முன்னதாக, புறப்படும் விமான நிலையத்திலேயே ஒரு சோதனை நடக்கிறது. உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிச் சென்றால், பல நாடுகளில் விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கப்படும். அவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பும் அந்நிறுவனத்தையே சாரும். எனவேதான் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 'டைமாட்டிக்' தரவுத்தளத்தில் ஒவ்வொரு நாட்டின் விதியையும் சரிபார்த்த பின்னரே ஊழியர்கள் பயணியை அனுமதிக்கின்றனர். கடவுச்சீட்டு காலாவதியாக இன்னும் நான்கு மாதங்கள் இருக்கலாம். ஆனால், செல்லும் நாடு ஆறு மாத கால அவகாசம் கோரினால் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

இடையில் விமானம் மாறும் நாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறாவிட்டாலும் கடப்பு விசா கோரும் நாடுகள் உண்டு. ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் சிலவற்றுக்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். அச்சான்றிதழ் இல்லாமல் அந்நாடுகளிலிருந்து திரும்புவோரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்த இந்திய விதிகள் இடமளிக்கின்றன.

நாட்கணக்கில் நேரும் தவறு

29 ஐரோப்பிய நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதிக்குச் செல்வோர் அதிகம் தடுமாறுவது நாட்கணக்கில்தான். விசா செல்லுபடியாகும் காலம் வேறு. தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை வேறு. பலமுறை நுழைய அனுமதிக்கும் நீண்டகால விசா இருந்தாலும், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றில் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. ஜனவரி முதல் தேதியிலிருந்து 60 நாட்கள் தங்கியவர் மே முதல் தேதி மீண்டும் சென்றால், அவருக்குத் தொடர்ச்சியாகக் கிடைப்பது 30 நாட்களே. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும்.

ஒருமுறை நுழைவதற்கான விசாவுடன் பாரீஸிலிருந்து லண்டன் சென்றவர் ரோமுக்குத் திரும்ப முடியாது; பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை. முன்பெல்லாம் கடவுச்சீட்டில் குத்தப்படும் முத்திரையை வைத்தே இவை கணக்கிடப்பட்டன. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாக அறிமுகப்படுத்திய புதிய முறையில், விரல் ரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை தேடுவோருக்கே பேரிழப்பு

சுற்றுலாப் பயணிக்கு விதி தவறினால் பணமும் விடுமுறையும் வீணாகும். வேலை தேடிச் செல்பவருக்கோ பாதுகாப்பே பறிபோகும். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர் உள்ளிட்டோர் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதற்கு முன் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். பணி ஒப்பந்தம் சரிபார்க்கப்படுவதும், 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயமாவதும் இந்நடைமுறையின் வழியாகத்தான். முகவர் பெறும் சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. சரக்கு மற்றும் சேவை வரி தனி.

'முதலில் சுற்றுலா விசாவில் செல்லுங்கள், அங்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று முகவர் கூறும்போது, தொழிலாளி இப்பாதுகாப்புகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் இழக்கிறார். அவர் அங்கு வேலை செய்வதே சட்டமீறல் ஆவதால், ஊதியம் தராத முதலாளி மீது புகார் அளிக்கவும் அஞ்சுவார். தாய்லாந்தில் வேலை என்று நம்பிச் சென்றவர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரில் உள்ள இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டதும் இவ்வழியில்தான். அவ்வாறு சிக்கியவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தனர். 2025 மார்ச் மாதத்தில் மட்டும் 549 இந்தியர்கள் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து இந்திய விமானப்படை விமானங்களில் அழைத்து வரப்பட்டனர்.

சிலரின் மீறல், பலரின் இழப்பு

விசா விலக்கு ஒருமுறை வழங்கப்பட்டால் நிலைத்திருக்கும் என்று கொள்வதற்கில்லை. 2017 முதல் இந்தியர்களுக்கு 30 நாட்கள் விசா விலக்கு அளித்த செர்பியா, 2023 ஜனவரி 1 முதல் அதைத் திரும்பப் பெற்றது. அங்கு வந்திறங்கி, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் முறைகேடாக நுழைவோர் குறித்து ஒன்றியம் கொடுத்த அழுத்தமே அதற்குக் காரணம். ஈரானிலும் அதே வழியடைப்புதான் நிகழ்ந்தது. முறைகேடான பயணத்துக்கு வழியமைத்தவர்கள் அடுத்த நாட்டைத் தேடிச் செல்கின்றனர். நேர்மையான சுற்றுலாப் பயணியும் வணிகரும் மீண்டும் விசா வரிசையில் நிற்கின்றனர்.

தனிநபருக்கும் இதன் சுவடு நீண்ட காலம் தொடரும். இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசாவோ நுழைவோ மறுக்கப்பட்டதா என்ற கேள்வி, பிரிட்டன், கனடா உள்ளிட்ட நாடுகளின் விண்ணப்பங்களில் உள்ளது. அதை மறைப்பது மறுப்பைவிடப் பெரிய குற்றமாகக் கருதப்படும்.

விதிகள் அடிக்கடி மாறுவதால், சென்ற ஆண்டு சென்று வந்தவரின் அனுபவமோ முகவரின் வாய்மொழியோ போதாது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பும், புறப்படும் வாரத்திலும் அந்தந்த நாட்டின் தூதரகத் தளத்தைப் பார்ப்பதே உறுதியான வழி. வேலைக்குச் செல்வோர், முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் சரிபார்க்கலாம். 'விசா தேவையில்லை' என்று சொல்பவரிடம், எந்த நோக்கத்துக்கு, எத்தனை நாட்களுக்கு, எந்த வழியாக என்ற மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அவற்றுக்கு எழுத்து வடிவில் பதில் தர மறுப்பவரிடம் கடவுச்சீட்டையும் பணத்தையும் ஒப்படைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.