பழைய 407: முதலில் டீசல், பிறகு ஆயில், கடைசியில்தான் என்ஜின்

வண்டி வாகனம்: கேள்வி – பதில்

"எங்களிடம் 1998-ம் ஆண்டு டாடா 407 இருக்கிறது. படப்பையிலிருந்து கீரை, கத்திரி, வெண்டை ஏற்றிக்கொண்டு வாரத்தில் ஐந்து நாள் கோயம்பேடு போகிறோம். இரண்டு மாதமாகத் தொந்தரவு. தாம்பரம் வரை நன்றாக ஓடுகிறது. பைபாஸில் ஏறி போரூர் நெருங்கும்போது இழுவை குறைகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வேகம் எடுப்பதில்லை. சில நாள் நின்றே போகிறது. பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. நள்ளிரவு 1 மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கும்போதும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. ஆயிலும் 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது. 'கம்ப்ரஷன் போய்விட்டது, போர் செய்து பிஸ்டன், ரிங் மாற்ற வேண்டும், 80,000 ரூபாய் ஆகும்' என்கிறார் மெக்கானிக். செலவு செய்யலாமா, வந்த விலைக்கு விற்றுவிடலாமா? சொல்லுங்கள் ஐயா."

– ஒரு வாசகர், படப்பை

அந்த 80,000 ரூபாயை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: 'பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.' தேய்ந்த ரிங் பத்து நிமிட ஓய்வில் வளர்ந்துவிடாது. அப்படி நின்று, ஓய்வெடுத்து, மறுபடி ஓடும் வண்டிக்குப் பெரும்பாலும் டீசல்தான் போதாமல் போகிறது. ஆயில் குடிப்பது வேறு நோய். இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் ஒரே நோய் என்று நினைக்கத் தோன்றும்.

407 உங்களுக்குச் சாதகமான வண்டி. 1986-ல் ஜப்பான் கூட்டு வண்டிகளோடு போட்டிபோட வந்தது. 497 என்ஜினின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: நான்கு சிலிண்டர், 97 மி.மீ. போர். உங்கள் வண்டியின் வயதில் கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. கண், காது, மூக்கு, ஒரு செட் ஸ்பேனர் இருந்தால் பாதி நோயை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் சோதனைக்குப் பைசா செலவில்லை. அடுத்த முறை வண்டி நின்றதும், பாதுகாப்பாக ஓரம் கட்டி, ஹஸார்டு விளக்கைப் போட்டுவிட்டு, உடனே டீசல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன் பிறகு வண்டி வழக்கம்போல ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வர வழியில்லாவிட்டால் ஃபீட் பம்பால் டீசலை உறிஞ்ச முடியாது. மூடியைக் கழற்றிக் கழுவி, துளையில் காற்று அடித்தாலே போதும். மூடி தொலைந்துபோய் ஏதோ ஒரு மூடியை மாட்டி, பாலித்தீன் கவரைச் சுற்றி இறுக்கிவைத்திருக்கும் வண்டிகள் நிறைய. அவற்றுக்கெல்லாம் இதே நோய் வரும்.

சத்தம் கேட்கவில்லையென்றால் டேங்குக்குள் பாருங்கள். உறிஞ்சு குழாயின் நுனியில் ஒரு சின்ன வலை இருக்கும. இருபத்தைந்து வருடத் துரு, தூசு, கேனிலிருந்து விழுந்த நூல், இலை எல்லாம் ஓட்டத்தில் கலங்கி அந்த வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் உறிஞ்சும் வேகம் போய்விடுவதால் அவை அடியில் உதிரும், வழி திறக்கும். அதனால்தான் பத்து நிமிடக் கணக்கு. டேங்கை இறக்கி, டீசலை வடித்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். டேங்கில் வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் அது பழகிய ஆளின் வேலை. டீசல் வாடை இருக்கும் டேங்கில் நெருப்பை வைத்து உயிர் போன சம்பவங்கள் உண்டு.

நள்ளிரவு ஸ்டார்ட் பிரச்னைக்கு வருகிறேன். உங்கள் மெக்கானிக் கம்ப்ரஷனைச் சொன்னது இதை வைத்துத்தான் இருக்கும். ஃபீட் பம்பில் கையால் அடிக்கும் ஹேண்ட் பம்ப் இருக்கிறதல்லவா? ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதை இருபது, முப்பது தடவை அடித்துவிட்டுச் சாவியைத் திருகிப் பாருங்கள். முதல் சுற்றிலேயே பிடித்தால் கம்ப்ரஷன் மேல் பழி போட வேண்டாம். இரவில் வண்டி நிற்கும்போது எங்கோ காற்று நுழைந்து, குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. எவ்வளவு அடித்தாலும் வித்தியாசம் இல்லை, வெள்ளைப் புகையைக் கக்கிக் கக்கித்தான் பிடிக்கிறது என்றால், அப்போது நாசிலையும் கம்ப்ரஷனையும் சந்தேகப்படலாம். அடித்து முடித்ததும் ஹேண்ட் பம்ப் குமிழை முழுவதும் திருகி இறுக்க மறக்காதீர்கள். தளர்ந்திருந்தால் அதன் வழியாகவே காற்று போகும்.

காற்று எங்கே நுழைகிறது? டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பாதை. ஃபீட் பம்புக்குப் பிறகு தள்ளும் பாதை. தள்ளும் பாதையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகும், யாருக்கும் தெரியும். உறிஞ்சும் பாதையில் ஓட்டை இருந்தால், ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். 'எங்கும் ஒழுகவில்லையே' என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி டியூபை கிளிப் போட்டு மாட்டி, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி குமிழியாகப் போனால் டேங்குப் பக்கம் காற்று நுழைகிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், பழைய கிளிப், சேஸிஸில் உரசித் தேய்ந்த குழாய், திரும்பத் திரும்பப் போட்டு நசுங்கிய காப்பர் வாஷர் ஆகியவற்றைப் பாருங்கள். காப்பர் வாஷர் சில ரூபாய்ப் பொருள். கழற்றும்போதெல்லாம் புதிது போடுங்கள்.

டேங்குப் பக்கமா, பம்ப் பக்கமா என்று குழப்பமாக இருந்தால், ஷெட்டில் வைத்து ஒரு சுத்தமான கேனில் ஐந்து லிட்டர் டீசல் ஊற்றி, அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஹோஸ் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். நோய் மறைந்தால் டேங்கும் அதன் குழாயும்தான் குற்றவாளி. கேன் சைலன்ஸரிலிருந்து தள்ளி இருக்கட்டும். கேனைக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு ரோட்டில் ஓட்டும் விஷப்பரீட்சை வேண்டாம்.

ஃபீட் பம்பின் அடியில் சின்னக் கிண்ணமும் வலையும் இருந்தால் கழுவுங்கள். அடுத்து இரண்டு டீசல் ஃபில்டர்கள். அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டரை ஜி.பி. ரோட்டிலோ தாம்பரத்திலோ பில் போட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவு, பம்பர், டிஸ்க் வாங்கலாம். ஃபில்டர் மட்டும் புதிதாக, நல்ல கம்பெனியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகும் இழுவை வரவில்லையென்றால்தான் நாசிலையும் டீசல் பம்பையும் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைக்கு அனுப்ப வேண்டும். நாசில் பீய்ச்சுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், விரலையே எடுக்க வேண்டிவரும்.

பழைய வண்டிக்கு டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் நல்லது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பம்புக்குள் இருக்கும் பிளஞ்சருக்கு டீசல்தான் உயவு எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு இல்லை. மிச்சமாகும் காசைப் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுப்பீர்கள்.

இனி ஆயில். டீசலை முதலில் சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகினால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஃபீட் பம்ப் சீல் போனாலும் ஆயிலில் டீசல் கலக்க வாய்ப்புண்டு. ஆயில் தண்ணீராகி, ரிங் சீக்கிரம் தேயும். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். அளவு மிக அதிகமானால் என்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும், ஸ்டாப் இழுத்தாலும் நிற்காது. அப்படி நடந்தால் காற்று போகும் வழியைப் பலகையால் அடைப்பதுதான் வழி. கையை வைக்கக் கூடாது.

500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கோயம்பேட்டில் நிறுத்திய சூட்டோடு டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் மேலே ஒட்டியிருக்கும், குறைவாகத்தான் காட்டும். உடனே அரை லிட்டர் ஊற்றினால் அளவுக்கு மீறிப் போகும். மீறியதை என்ஜின் எரித்துத் தள்ளும். மறுநாள் மறுபடி ஊற்றுவீர்கள். இரவு நின்ற வண்டி, சமதரை, ஒரே இடம், மேல் கோடு வரை ஆயில். அதிலிருந்து 500 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி அதே கோட்டுக்கு எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று அளவு கேனில் பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு முறை செய்தால் உண்மை தெரியும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒழுகலையும் பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்தால் காலையில் கதை சொல்லும். டேப்பெட் கவர், சம்ப் பேக்கிங், முன் சீல், பின் சீல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டரோடு பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் சேர்ந்திருந்தால், அதன் சீல் போய் ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் இறங்கும். ஆல்டர்னேட்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள வண்டியில் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் நீலப்புகை வரும். ஏர் கிளீனர் ஹோஸில் ஓட்டை இருந்தால் அன்றே மாற்றுங்கள். எருமையூர் கிரஷர் பக்கமும் ஒரகடம் ரோட்டிலும் பறக்கும் கல் தூசு உள்ளே போனால், ரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரிதான்.

புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, ஆயில் அல்ல. நீலம்தான் ஆயில். சிக்னலில் ஐடிலில் நின்று கிளம்பும்போது மட்டும் நீலமாக ஒரு முறை கக்கிவிட்டு நின்றால் வால்வு கைடு, சீல் பக்கம். ஹெட் வேலையோடு முடியலாம். லோடில் ஏறும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் ரிங். என்ஜின் சூடானதும் ஐடிலில் வைத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்து வாயின் மேல் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, குப்குப்பென்று புகை வந்தால் மெக்கானிக்குகள் சொல்லும் 'பேக் கம்ப்ரஷன்' இதுதான்.

கணக்குக்கு வருவோம். போக வர 70 கிலோமீட்டர், மாதம் 20 நடை என்றால் 1,400 கிலோமீட்டர். நீங்கள் சொல்லும் அளவிலேயே மாதம் மூன்று லிட்டர்கூட ஆகாது. லிட்டர் 350 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஆயிரம் ரூபாய்க்குள்தான். 80,000 ரூபாயை ஆயில் மிச்சத்தில் எடுக்க ஆறு வருடத்துக்கு மேலாகும். ஆகவே, ஆயில் காசுக்காக மட்டும் என்ஜினைப் பிரிக்காதீர்கள். அதே சமயம், எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. உண்டு. நீலப்புகையோடு போய் நின்றால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். ஆயில் பிரஷர் விளக்கு சூட்டில் மினுக்கினாலும், மூடி துள்ளினாலும், டீசல் பாதை முழுக்கச் சரியாகியும் லோடு இழுக்காவிட்டாலும் பிரிக்கத்தான் வேண்டும். அப்போதும் 'கேஜ் போட்டு நான்கு சிலிண்டர் கம்ப்ரஷனையும் எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் வால்வாகவோ ஹெட் பேக்கிங்காகவோ இருக்கலாம். நான்கும் குறைந்தால் போர் வேலை. கேஜ் போடாமல் கையை விரித்துக் காட்டும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

விற்பது பற்றி: நடுவழியில் நிற்கும் வண்டிக்கு இரும்பு விலைதான் கேட்பார்கள். டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஒரு மாதம் ஓட்டிவிட்டு அதைப் பேசலாம்.

"முடிச்சூரில் இருக்கிறோம். மழை வெள்ளத்தில் எங்கள் மினி லோடு வண்டி மூழ்கினால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு முறை பட்டுவிட்டோம்."

– ஒரு வாசகி, முடிச்சூர்

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருகுவதில்தான் பல என்ஜின்கள் போயின. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஈரம் இருந்தால், நாசில்களைக் கழற்றிய பிறகுதான் என்ஜினைச் சுற்ற வேண்டும், அதுவும் மெக்கானிக் முன்னால். ஆயில் சம்ப் திருகைத் திறந்தால் அடியில் இறங்கிய தண்ணீர் முதலில் வரும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் முழுவதும் வடித்து, ஃபில்டரோடு மாற்றுங்கள். ஓட்டிய கொஞ்ச நாளிலேயே மறுபடி ஒரு முறை மாற்ற வேண்டும். டீசல் டேங்கை அடியோடு வடியுங்கள். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில்தான் நிற்கும். மேலாக எடுத்துப் பார்த்து 'சுத்தமாக இருக்கிறது' என்று விட்டால், அந்தத் தண்ணீர் பம்புக்குப் போய்ப் பிளஞ்சரில் துரு ஏறும். கியர்பாக்ஸ், பின் ஆக்சில் ஆயிலையும் பாருங்கள், அவற்றின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் போயிருக்கும். வீல் பேரிங் கிரீஸையும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால், வண்டியை நகர்த்துவதற்கு முன் தண்ணீர்க் கோடு தெரிகிறபடி போட்டோ எடுத்துக்கொண்டு கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள்.